படிச்சு முடிச்சதும்

எந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாலும் அந்த அம்மா கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். கத்தரிக்காயைத் திருப்பிச் சொத்தை பார்ப்பது போலப் புத்தகத்தைத் திருப்புவார். மொத்தம் எத்தனை பாடம் என்று கேட்பார். எத்தனை மாதத்தில் முடியும் என்று கேட்பார். நான் சொல்லும் பதில் சின்னதாக இருந்தால் புத்தகம் என் மேஜைக்கே திரும்பி வந்துவிடும். கூடவே ஒரு வார்த்தையும் வரும்.

"பாப்பமே சார்."

சரி என்றோ வேண்டாம் என்றோ அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. சோறு ஆகிவிட்டதா என்று கேட்டால் "ஆகிக்கிட்டிருக்கு" என்பார். பானையை வடித்து இறக்கி வைத்திருப்பார். கிளம்பிவிட்டீர்களா என்றால் "கெளம்பணும்" என்பார். காலில் செருப்பு இருக்கும். எதையும் முடிந்தது என்று சொல்ல மாட்டார். முதல் சில வாரங்கள் இது எனக்கு எரிச்சலைத்தான் கொடுத்தது. காரணம் தெரிந்த பிறகு எரிச்சல் போய்ப் பயம் வந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் கோரிப்பாளையத்தில் ஒரு டுட்டோரியலில் வேலை பார்த்தேன். கழுதை கெட்டால் குட்டிச்சுவர், எம்.ஏ. தத்துவம் கெட்டால் டுட்டோரியல். கீழே பேக்கரி, மேலே நாங்கள். பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் தவறியவர்களை உட்கார வைத்து இங்கிலீஷ் இலக்கணத்தைப் புகட்டுவது என் வேலை. ஆனால் வாசல் போர்டில் என் பெயருக்குப் பக்கத்தில் 'எம்.ஏ. தத்துவம்' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார் முதலாளி. அந்த இரண்டு எழுத்துக்கு ஆள் வரும் என்பது அவர் கணக்கு. அப்படி வந்த ஒரே ஆள் இந்த அம்மாதான்.

மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மகள் பெயர் அழகுமீனா, பதினாறு வயது. பத்தாவது மார்க் ஷீட்டை என் முன்னால் வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் டுட்டோரியலில் இருந்த மொத்தப் பிள்ளைகளின் மார்க்கையும் கூட்டினாலும் அந்தப் பெண்ணின் கணக்கு மார்க்கைத் தொடுமா என்பது சந்தேகம். அப்படிப்பட்ட பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டு, வீட்டில் வைத்தே பன்னிரண்டாவது படிக்க வைக்கப் போவதாகச் சொன்னார். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பிள்ளை வீட்டில் படிக்கிறது என்றால் ஒன்று ஃபெயிலாகியிருக்க வேண்டும், இல்லை உடம்புக்கு முடியாமல் இருக்க வேண்டும். நல்லாப் படிக்கிற பிள்ளையை எதற்கு நிறுத்தினீர்கள் என்று கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டேன்.

"ஸ்கூல்ல போட்டா முடிச்சுருவாங்கள்ல சார்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் போர்டைக் காட்டி, தத்துவத்தில் என்னவெல்லாம் படித்தீர்கள் என்று கேட்டார். ஏதேதோ சொன்னேன், லாஜிக் என்பதையும் சொன்னேன். ஒரு பேச்சிலிருந்து அடுத்த பேச்சு நியாயமாகப் பிறக்கிறதா, இல்லை சும்மா ஒட்டவைத்திருக்கிறதா என்று பார்க்கிற படிப்பு என்றேன். அது எத்தனை நாள் படிப்பு என்று கேட்டார். எனக்கு இருந்த எரிச்சலில், ஒழுங்காகப் படித்தால் ஆயுசு முழுக்கப் படிக்கலாம் என்று வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மகளைப் பார்த்துத் தலையாட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர்கள் வீட்டுக்கு வந்து லாஜிக் சொல்லிக்கொடுக்கும்படி ஆயிற்று.

வீடு செல்லூரில் இரண்டு அறை. கணவர் லாரி புக்கிங் ஆபீஸில் குமாஸ்தா. எதைக் கேட்டாலும் "அவ பாத்துக்குவா" என்று சொல்லிவிட்டு பேப்பரைத் தூக்கிக்கொள்கிற மனிதர். அந்த அம்மா எட்டாவதோடு நிறுத்தப்பட்டவர். ஆனால் வீட்டுப் படிப்பு என்றால் விளையாட்டு என்று நினைக்கிற ஆள் இல்லை. காலையில் அடுப்படி வேலையை முடித்ததும் பாயை விரித்து, சுவரில் மாட்டிய கரும்பலகையில் அன்றைய பாடத்தை எழுதிவிடுவார். எந்தப் புத்தகமானாலும் முதலில் அவர் படிப்பார். புரியாத இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, தெரிந்தவர்களைத் தேடிப் போய்க் கேட்டு வருவார். பன்னிரண்டாவதுப் பாடங்கள் மொத்தமும் ஒரே வருஷத்தில் அந்தப் பாயிலேயே முடிந்துவிட்டன. மீனாவுக்குப் பரீட்சை எழுதுவது ஒன்றுதான் பாக்கி. பிரைவேட்டாகப் பணம் கட்டிவிடலாமா என்று கேட்டேன். லாஜிக் படிக்காமல் எந்தப் பரீட்சையும் கிடையாது என்றார். இந்த உலகத்திலேயே அப்படி ஒரு சட்டம் போட்டவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

எனக்கு விஷயம் தெரிந்தது பாடம் ஆரம்பித்த சில வாரங்களிலேயே. 'மழை பெய்தால் குடை தருவேன்' என்று ஒருவன் சொல்கிறான். எப்போது அவன் சொல் பொய்யாகும்? இதுதான் அன்றைய பாடம். மீனா உடனே சொல்லிவிட்டாள்: மழை பெய்து, குடை தராமல் போனால் மட்டும்தான். அந்த அம்மா அடுப்படி நிலையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"மழையே பேயலன்னா சார்?"

மழை பெய்யாவிட்டால் அவன் குடை தந்தாலும் தராவிட்டாலும் பொய்யன் ஆக மாட்டான் என்றேன்.

"எத்தன வருசம் பேயாட்டியும்?"

எத்தனை வருஷமானாலும் அவன் சொல் நிற்கும் என்றேன். அவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அன்றுவரை நான் லாஜிக் சொல்லிக்கொடுத்து யாரும் அழுததில்லை. மகளைக் கடைக்கு அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்.

அவருடைய கணவர் அவருக்குச் சொந்தத் தாய்மாமன். முதலில் பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகளும் ஒரு வயது தாண்டவில்லை. மூன்றாவது மீனா. இவளுக்கும் எட்டாம் மாதத்தில் காய்ச்சல் வந்து கண் செருகியபோது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அழகர்கோவிலுக்கு ஓடியிருக்கிறார். பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதியில், சந்தனம் பூசிய அந்தச் சாத்திய கதவின் முன்னால் நின்று சத்தியம் செய்திருக்கிறார்: 'இவள் பிழைத்தால், படித்து முடித்ததும் என் தம்பிக்கே கொடுத்துவிடுகிறேன்.' கூட வந்திருந்த தம்பிக்கு அப்போது பன்னிரண்டு வயது. பிள்ளை பிழைத்துவிட்டது. மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு அந்தக் கதவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்கிறவனும் அதன் முன்னால் வாயைத் திறக்க மாட்டான்.

பல வருஷம் கழித்துத்தான் ஒரு டாக்டரம்மா அவரிடம் சொல்லியிருக்கிறார், சொந்தத்துக்குள்ளேயே திரும்பத் திரும்பக் கொடுத்து வாங்கியதால்தான் அந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை போல என்று. அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் கிடையாது. தம்பிக்குக் கொடுத்தால் மகள் தன்னைப் போலப் பிள்ளைகளைப் புதைக்க வேண்டியிருக்கும். கொடுக்காவிட்டால் கருப்பன் மகளையே எடுத்துக்கொள்வான்.

"படிச்சு முடிச்சதும்னு ஒரு வார்த்த சேத்துச் சொன்னேன் சார். நாந்தான் எட்டோட நின்னுட்டேன், இவளாச்சும் படிக்கட்டும்னு ஒரு ஆசை. அந்த ஒத்த வார்த்தையிலதான் இப்ப எம் புள்ள உசிரு நிக்கிது."

பள்ளிக்கூடத்தில் போட்டால் பன்னிரண்டாவது என்று ஒன்று முடிந்துதான் தீரும். ரிசல்ட் நாளும் பேப்பரில் வந்துவிடும். தம்பி வீட்டில் தாம்பூலத் தட்டோடு கிளம்பிவிடுவார்கள். வீட்டுப் படிப்புக்கு அந்தத் தொல்லை கிடையாது. அதுவரை குருட்டுப் போக்கில் நாளைக் கடத்திக்கொண்டிருந்தவர், அன்றைக்கு அதற்கு ஒரு நியாயம் கிடைத்ததாக நினைத்துவிட்டார். படிப்பு முடியாதவரை அவர் சொல் தவறவில்லை, கல்யாணமும் இல்லை. நான் கல்லூரியில் இதே பாடத்தைத் தூங்கிக்கொண்டே கேட்டுப் பாஸானவன். ஒரு மனுஷி அதைப் பிடித்துக்கொண்டு கரையேறப் பார்ப்பார் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அதன் பிறகு ஆரம்பித்ததுதான் பாடத்திட்டம் தேடும் படலம். நான் சொல்லிக்கொடுப்பது வெறும் ஆரம்பம்தானாம். முறையாக ஒரு கோர்ஸ் வேண்டுமாம். புதுமண்டபத்துப் புத்தகக் கடைகளில் தேடி ஒரு பழைய கல்லூரிப் பாடநூலைக் கொண்டுவந்து கொடுத்தேன். முதல் பாடத்திலேயே 'எல்லா மனிதரும் இறப்பவர்' என்று இருந்தது. வயசுப் பெண் விளக்கு வைக்கிற நேரத்தில் இதையா வாய்விட்டுப் படிக்கும் என்று மூடிவிட்டார். டெல்லியிலிருந்து தபாலில் வருகிற ஒரு கோர்ஸ் இருந்தது. அதில் உதாரணமெல்லாம் பனிமழையும் குதிரைப் பந்தயமும். கண்ணால் பார்க்காததை வைத்து எப்படி நியாயம் பேசுவது என்று கேட்டார். கேள்வி சரிதான் என்று எனக்கே பட்டது.

திருப்பரங்குன்றத்தில் சம்ஸ்கிருதம் தெரிந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார் பழைய நியாய சாஸ்திரம் சொல்லிக்கொடுப்பதாகக் கேள்விப்பட்டு மூன்று பேரும் போனோம். அவர் தூரத்து மலையைக் காட்டி, அங்கே புகை தெரிந்தால் நெருப்பு உண்டு என்று அறியலாம் என ஆரம்பித்தார். மார்கழி மாதம் முழுக்க அழகர்மலையில் புகை மாதிரிதான் தெரிகிறது, அங்கே யார் தீ வைத்தது என்று மீனா கேட்டாள். அந்த மனிதருக்கு ஏக சந்தோஷம். இதற்கான பதிலை ஒரு மாதம் பேசலாம், ஒரே வருஷத்தில் மொத்தத்தையும் நடத்தி முடித்துவிடுகிறேன், பிள்ளையை அனுப்புங்கள் என்றார். முடித்துவிடுகிறேன் என்று அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். பஸ்ஸில் திரும்பும்போது அந்த அம்மா, ஒரு கேள்விக்கே ஒரு மாதம் என்கிறவர் மொத்தத்தையும் ஒரு வருஷத்தில் எப்படி முடிப்பார், பாப்பமே என்றார். கணக்கு இடித்தது உண்மைதான்.

கம்ப்யூட்டர் சென்டர்கள் தெருவுக்குத் தெரு முளைத்த நேரம். அங்கேயும் லாஜிக் என்று ஒன்று சொல்லித்தருகிறார்கள் என்று போய் விசாரித்தோம். டை கட்டிய பையன் ஒருவன், மூன்றே மாதத்தில் முடித்து சர்ட்டிபிகேட்டும் கொடுத்துவிடுவோம் என்று பெருமையாகச் சொன்னான். பாம்பை மிதித்தவர் மாதிரி எழுந்து வெளியே வந்துவிட்டார்.

இதிலெல்லாம் சிரிப்பதற்கு நிறைய இருந்தது, நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அவர் சொல்கிற குறை ஒவ்வொன்றும் உண்மையான குறையாக இருந்தது. பொய்க் காரணம் சொல்ல மாட்டார். பொய் சொன்னால் சத்தியத்துக்குத் தீட்டு என்று நினைத்தாரோ என்னவோ. ஒவ்வொரு கோர்ஸையும் ராத்திரி பகலாகப் படித்து, அது ஓட்டையாக இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் தள்ளுவார். அந்தக் கணக்கில் பார்த்தால் மதுரையிலேயே லாஜிக் புத்தகங்களை அவ்வளவு கவனமாகப் படித்தவர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

ஒரே ஒரு தடவைதான் அவருக்குக் குறை அகப்படவில்லை. அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தது அவருடைய தம்பி.

தம்பிக்குச் சமயநல்லூரில் ரோட்டோரமாக ஹார்டுவேர் கடை. என் வயதுதான். அவன் என்றே எழுதுகிறேன், அவனும் அதைத்தான் விரும்புவான். கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதை எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். வாரம் தவறாமல் அக்கா வீட்டுக்குக் கொய்யாவோ வெள்ளரிப்பிஞ்சோ கொண்டுவருவான். மீனாவிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டான். ஒருநாள் டுட்டோரியல் படியேறி வந்து என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அண்ணே, இந்த லாஜிக்குன்னா எம்புட்டு நாளு படிப்பு?"

அது ஆளைப் பொறுத்தது என்று மழுப்பினேன். வீட்டில் அவசரப்படுத்துகிறார்களாம். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று அப்பா திட்டுகிறாராம். ஆனால் அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், மீனா நல்லாப் படிக்கட்டும் என்றான். அதோடு விடவில்லை. மெட்ராஸுக்குச் சரக்கு எடுக்கப் போன இடத்தில் யார் யாரையோ விசாரித்து, நல்ல கனமான லாஜிக் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். முதல் பாடத்தைத் தானே படித்துப் பார்த்தானாம். கடையில் சாக்குச் சொல்கிறவர்களைப் பிடிக்க இது உதவும் போலிருக்கிறது என்று என்னிடம் சொன்னான்.

அருமையான புத்தகம். உதாரணங்கள் எல்லாம் நம்மூர் உதாரணங்கள். பாடத்தின் முடிவில் பயிற்சி, பயிற்சிக்கு விடை. அந்த அம்மா இரண்டு வாரம் அதை வைத்துக்கொண்டு கண் சிவக்கப் படித்தார். ஒரு ஓட்டையும் இல்லை. கடைசியில் எழுத்து ரொம்பப் பொடி, மீனா கண்ணுக்கு ஆகாது என்றார். அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அதுதான். தம்பி உடனே கண் டாக்டரிடம் கூட்டிப்போகக் கிளம்பினான். அக்கா முந்திக்கொண்டு தானே கூட்டிப்போய், பவர் இல்லாத ஒரு கண்ணாடியை வாங்கி மகளுக்கு மாட்டிவிட்டார். மாமா வரும் நாளில் மீனா அதைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். நல்ல கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எதிர்கொள்ள முடியவில்லை.

மீனாவுக்கு எல்லாம் தெரியும். அம்மா அவளிடம் எதையும் மறைக்கவில்லை. மாமாவைக் கட்டிக்கொள்ள அவளுக்கும் விருப்பம் இல்லை; தூக்கி வளர்த்தவனைப் புருஷனாக நினைக்க முடியவில்லை என்றாள். ஆகவே அம்மாவும் மகளும் ஒரே கட்சி. ஆனாலும் சாயங்காலம் அவளுடைய பழைய வகுப்புப் பெண்கள் காலேஜ் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிற நேரத்தில் ஜன்னல் பக்கம் போய் நிற்பாள். படித்து என்ன ஆக வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். டாக்டர், இன்ஜினியர் என்று எதுவும் சொல்லவில்லை.

"ஒரு பெஞ்சுல நாலு பேரோட நெருக்கி உக்காரணும் சார். அம்புட்டுத்தான்."

அந்த அம்மா இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மகள் தலையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தார். அவர் அவ்வளவு நேரம் எண்ணெய் தேய்த்து நான் பார்த்ததில்லை. மகள்மேல் அவருக்கிருந்த பாசத்தில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. அந்தப் பாசத்தைப் பார்த்துத்தான் பயந்தேன்.

இப்படியே வருஷங்கள் ஓடின. மீனாவுக்கு இருபது தாண்டியது. தம்பி வீட்டில் பொறுமை போய்விட்டது. அவனுக்கும் முப்பதைத் தாண்டித் தலையில் நரை தெரிய ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் பத்திரிகையோடு டுட்டோரியலுக்கு வந்தான். திருமங்கலத்தில் வேறு பெண் பார்த்து நிச்சயம் ஆகிவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப் பெரும்பாடு பட்டேன். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்காவுக்கு இஷ்டமில்லன்னு எனக்குத் தெரியும்ணே. கண்ணாடி வாங்கி மாட்டுனப்பவே தெரியும். வேணாம்டான்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா அன்னைக்கே ஒதுங்கிருப்பேன். அது வாயால சொல்லட்டும்னு இம்புட்டு நாளு இருந்தேன்."

டீ ஆறுகிறது, குடி என்றேன். அதற்கு மேல் பேசினால் டாக்டரம்மா சொன்னதையும் சொல்ல வேண்டியிருக்கும்; அவனுக்குச் சத்தியம் மட்டும்தான் தெரியும். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அக்காதான் முன்னால் நின்று எல்லாம் செய்தார். தாலி கட்டும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். நிம்மதி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். பிள்ளைக்கு ஊசி போடும் நேரத்தில் தாய் நிற்பதைப் போல நின்றார். கூட்டத்தில் களைத்துப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பிரைவேட் பரீட்சைக்கான விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு செல்லூருக்குப் போனேன். இனிமேல் என்ன தடை? மீனாவுக்கு எந்தப் பாடத்தையும் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை. பரீட்சையை எழுதினால் அடுத்த ஜூனில் ஏதாவது ஒரு கல்லூரி பெஞ்சில் உட்கார்ந்துவிடலாம். அந்த அம்மா பாயில் உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டிருந்தார். விண்ணப்பத்தைப் பார்த்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டார். வாங்கவே இல்லை.

"இப்ப முடிச்சா எஞ் சத்தியம் பொய்யாயிரும் சார்" என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. கொஞ்சம் பிறகுதான் விளங்கியது. படித்து முடித்ததும் தம்பிக்குக் கொடுப்பேன் என்று சொன்னவர் அவர். தம்பி இப்போது வேறு ஒருத்தியின் புருஷன். இனி அவனுக்குக் கொடுக்கவே முடியாது. ஆகவே படிப்பு முடிகிற அன்று, அந்த நிமிஷமே, சொல் தவறிவிடும். இவ்வளவு நாளும் முடிக்காமல் இருந்தால் கல்யாணம் வராது என்று இருந்தார். இப்போது முடிக்காமல் இருந்தால்தான் மகள் உயிரோடு இருப்பாள் என்று ஆகிவிட்டது. நான் சொல்லிக்கொடுத்த பாடத்தின்படி அதில் ஒரு பிழையும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

வாதாடினேன். அன்றைக்குப் பேசியதுபோல வாழ்க்கையில் நான் எப்போதும் பேசியதில்லை. தம்பியே கோவிலுக்கு வந்து, நான் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று கருப்பன் முன்னால் சொல்லச் சம்மதிப்பான் என்றேன். சொன்னது அவனிடம் இல்லையே என்றார். பன்னிரண்டாவது எழுதுவது படிப்பை முடிப்பது ஆகாது, பிறகு பி.ஏ. இருக்கிறது, எம்.ஏ. இருக்கிறது, சாகிறவரை படித்துக்கொண்டே இருக்கலாம் என்றேன். அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

"கதவு முன்னால நின்னப்ப நான் என்ன நெனச்சுச் சொன்னேன்னு எனக்குத் தெரியும் சார். பன்னெண்டாவதத்தான் நெனச்சேன். கருப்பனுக்கும் தெரியும்."

மீனா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் திரும்பினேன். நீ மைனர் இல்லை, கையெழுத்துப் போட அம்மா தேவையில்லை, இந்தச் சாமி சமாச்சாரத்தையெல்லாம் நீ நம்புகிறாயா என்று கேட்டேன். அம்மாவை வைத்துக்கொண்டே கேட்டேன். அவள் நிதானமாகத்தான் பதில் சொன்னாள்.

"எனக்கு நம்பிக்கையெல்லாம் இல்ல சார். நான் பரிச்ச எழுதுனா எனக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா எழுதிட்டு வந்த நாள்லருந்து நான் ஒரு தும்மல் போட்டாலும் எங்கம்மாவுக்கு உசிரு போயிட்டு உசிரு வரும். நான் சாகுற வரைக்கும் தும்மாம இருக்க முடியுமா சார்?"

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா என்று தெரியவில்லை. விண்ணப்பம் என் கையிலேயே இருந்தது. எம்.ஏ. தத்துவம், கோரிப்பாளையம் டுட்டோரியலின் சிவப்பு எழுத்து, அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மீனாதான் எழுந்து வந்தாள். அம்மா படித்துக்கொண்டிருந்ததை மடியிலிருந்து எடுத்துப் பார்த்தாள். பெங்களூரிலிருந்து வந்திருந்த புதிய லாஜிக் கோர்ஸ் ஒன்றின் விளக்கக் கையேடு அது. அம்மா பக்கத்தில் பாயில் உட்கார்ந்துகொண்டு, முழங்காலில் வைத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். விரலால் பாடங்களை எண்ணினாள்.

"இது பத்தே பாடம்தாம்மா. சீக்கிரம் முடிஞ்சுரும். வேற பாப்பமே" என்றாள்.